சிலிண்டருக்குப் பதினாறாம் நாள்

"அது உள்ள வரக் கூடாது."

"வராம எங்க போகும்? இதானே அதுக்கு வீடு?"

"நாலு பேரு தூக்கி, சங்கு ஊதி, வாய்க்கரிசி போட்டு ஊரெல்லை தாண்டுனதுக்கு அப்புறம் என்ன வீடு? அங்கனயே நிக்கட்டும்."

"குருவு, இது சிலிண்டரும்மா. வெறும் காலிச் சிலிண்டரு."

"தெரியும். நான் மட்டும் ஆளுன்னா சொன்னேன்? கழுத்துல மாலையோட வந்து வாசல்ல நிக்கிறதை எவளாவது அடுப்படிக்குள்ள ஏத்துவாளா? அதுவும் இன்னும் பதிமூணு நாள்ல பொண்ணுக்கு நிச்சயத்தை வச்சுக்கிட்டு?"

வாசற்படிக்கு உள்ளே குருவம்மாள் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். வெளியே அவள் புருஷன் முனியராஜும் சிலிண்டரும் நின்றார்கள். முனியராஜ் ஒருமுறை சிலிண்டரைப் பார்த்தான்.

"எப்படி நெட்டுக்குத்தா நிக்குது பாரு. செத்தது மாதிரியா இருக்கு?" என்றான்.

"நீங்களும்தான் நெட்டுக்குத்தா நிக்கிறீக. புத்தி இருக்கா?"

முனியராஜ் குனிந்து அதன் கழுத்தைப் பிடித்தான். சிலிண்டரை உருட்டிக்கொண்டுபோய் எதிரே இருந்த வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, தலைக்குக் குளித்த பிறகுதான் அவனாலும் உள்ளே போக முடிந்தது.

சிவகாசியிலிருந்து ஆனைக்குட்டம் போகிற பாதையில் இருக்கிறது அவர்கள் ஊர். முனியராஜ் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன். காலையில் ஊர் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவான், சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவான். வங்கிக் கணக்கில் விழுந்துகொண்டிருந்த கேஸ் மானியம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனதிலிருந்து அந்த வேன் இரண்டாகிப்போனது. இடப்பக்கம் உட்கார்ந்தவர்கள், "ரோட்டுக்கு வந்தாத்தான் மானியம் திரும்ப வரும்" என்றார்கள். வலப்பக்கம் உட்கார்ந்தவர்கள், "தீபாவளிச் சீசன்ல ரோட்டை மறிச்சா லோடு எப்படிப் போகும்? ஒரு நாள் வேலை போச்சுன்னா உங்க மானியமா சோறு போடும்?" என்றார்கள். கூட்டமே இல்லாத நாளிலும் யாரும் பக்கம் மாறி உட்காருவதில்லை.

முனியராஜ் இரண்டு பக்கத்துக்கும், "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டு வண்டியை ஓட்டினான். அவனுக்கு அது கொள்கை அல்ல, சுபாவம். முடியாது என்கிற வார்த்தை அவன் வாய்க்குள் எங்கேயோ இருந்தது, ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் வெளியே வந்ததில்லை.

அந்தச் சுபாவத்தால்தான் மகள் செல்வலட்சுமிக்கு நல்ல இடமும் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா மாரிக்கண்ணன், சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். பெண் பார்க்க வந்தபோதே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"எங்களுக்குச் சீர்செனத்தி ஒண்ணும் வேண்டாம். எந்தப் பக்கமும் சேராத குடும்பமா இருந்தாப் போதும். மூத்த மருமக வீட்டுல அப்பன் ஒரு கட்சி, சித்தப்பன் ஒரு கட்சி. நல்ல நாளு பெரிய நாளுக்கு வாய்ல வச்ச சோறு தொண்டையில எறங்க மாட்டேங்குது."

"நம்ம வீட்ல அந்தப் பேச்சே கெடையாது சம்பந்தி," என்றான் முனியராஜ்.

அப்படிச் சொன்ன நான்காம் நாள் சங்கிலிமுத்து வந்தான். போராட்டக் குழுவின் செயலாளர். முனியராஜுக்கு மச்சான் முறை.

"மச்சான், ஒரு காலிச் சிலிண்டர் வேணும். மானியம் செத்துப்போச்சுன்னு திங்கக்கெழமை சவ ஊர்வலம். ஒரு மணி நேரம்தான். தூக்கி முடிச்சதும் கழுவித் தொடைச்சுக் குடுத்துருதோம்."

"ஆமா, ஆமா," என்றான் முனியராஜ்.

திங்கட்கிழமை சிலிண்டரைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தான். விடவில்லை. சொந்தக்காரன்தானே கொள்ளிக்குடம் தூக்க வேண்டும்? துண்டைத் தலையில் கட்டி, தோளில் குடத்தை வைத்து, பாடைக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். சாம்பிராணிப் புகை கண்ணில் ஏறி அவனுக்குத் தாரைதாரையாக நீர் வழிந்தது. அதைப் பத்துப் பேர் படம் எடுத்தார்கள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நாற்சந்திக்கு வந்தபோது, இழவு என்றால் வேட்டுப் போடுவதுதானே வழக்கம் என்று யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் ஒரு சரத்தைக் கொளுத்திப் போட்டார். பாடை தூக்கிய நால்வரும் கம்பெனியில் வெடிமருந்து அறையில் வேலை பார்க்கிறவர்கள். முதல் வெடி வெடித்ததும், கம்பெனியில் வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்தபடியே, கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஆளுக்கு ஒரு திசையில் ஓடினார்கள். சிலிண்டர் தார் ரோட்டில் ணங்கென்று விழுந்து, நாலு உருளு உருண்டு ஓடையோரம் போய் நின்றது. காலிச் சிலிண்டர்தான். அது எல்லோருக்கும் தெரியும். கால்களுக்குத்தான் தெரியவில்லை.

ஊர்வலத்தால் மறிபட்டு நின்றிருந்த கேஸ் ஆட்டோக்காரன் செல்லச்சாமியிடம், "வீட்ல எறக்கிருலே" என்று சொல்லி அதை ஏற்றிவிட்டார்கள். ஆட்டோவில் ஏற்கெனவே இருபது காலிச் சிலிண்டர் இருந்தது. சாயங்காலம் முனியராஜ் வீட்டு வாசலில் அவன் ஒன்றை இறக்கினான். கிளம்பப் போனவன் திரும்பிவந்து, ஆட்டோவின் மூலையில் கிடந்த மாலையை எடுத்து மரியாதையாக அதன் கழுத்தில் போட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் முனியராஜுக்கு ஒரு யோசனை வந்தது. சிலிண்டர் உள்ளேதானே வரக் கூடாது? வெளியிலேயே கொடுத்துவிட்டு, நிறை சிலிண்டரை வாங்கிக்கொண்டால் போயிற்று. புக் பண்ணினான். புதன்கிழமை செல்லச்சாமி நிறை சிலிண்டரோடு வந்து, மரத்தடியில் நின்றதன்மேல் கை வைத்தான்.

"தொடாதலே!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. சங்கிலிமுத்து.

"ஏன் மச்சான்?" என்றான் முனியராஜ்.

"பதினாறாம் நாள் காரியத்தன்னைக்குத் தாலுகா ஆபீசு முன்னால உண்ணாவிரதம். இவரு படத்தை வைக்கிறதா, இவரையே வைக்கிறதான்னு குழுவுல பேசினோம். இவரையேன்னு முடிவாயிருச்சு. அதுவரைக்கும் இவரு இங்கனதான் இருக்கணும்."

"அப்ப எனக்குச் சிலிண்டரு?"

செல்லச்சாமி நிறை சிலிண்டரைத் திரும்பவும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டே சொன்னான்: "காலி குடுத்தாத்தாண்ணே நிறை. நான் என்ன செய்ய?"

உள்ளே வர விடாதவள் ஒருத்தி. வெளியே போக விடாதவன் ஒருத்தன். நடுவில் சிலிண்டர் மரத்தடியில் நின்றது. காகம் எச்சமிட்டது. போகிற வருகிறவர்கள் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டுப் போனார்கள்.

குருவம்மாள் கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி விறகு வைத்தாள். "ரெண்டு வாரம்தானே? எங்கம்மா இதுலதான் எட்டுப் பேருக்கு ஆக்கினா," என்று சொல்லிவிட்டு ஊதினாள்.

வெள்ளிக்கிழமை, செல்வலட்சுமி கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அம்மா, உன்னைய வீடியோ எடுத்துப் போட்டிருக்காக! 'வீட்டுக்குள்ளேயே போராட்டம்! சிலிண்டரைத் தூக்கி எறிந்து விறகடுப்புக்குத் திரும்பிய வீரத்தாய்!' ஆயிரத்து இருநூறு பேரு பாத்திருக்காக."

"எந்தச் சேலை கட்டியிருக்கேன்?" என்றாள் குருவம்மாள் முதலில். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "ஐயையோ, மாப்ள வீட்ல பாத்தா?"

விறகடுப்பு உடனே அணைந்தது, சாப்பாடு ஓட்டல் பொட்டலமாயிற்று. முனியராஜ் நல்லசிவம் அண்ணாச்சி கடைக்குப் போனான்.

நல்லசிவம் ஊரில் பெரிய பலசரக்குக் கடை வைத்திருப்பவர். போராட்டம் கூடாது என்கிறவர்களுக்கு அவர் கடைதான் கூடுமிடம். வீட்டில் இரண்டு சிலிண்டர் உண்டு.

"அண்ணாச்சி, பொண்ணு நிச்சயத்துக்கு மட்டும் ஒரு சிலிண்டரு..."

"தாரேன்," என்றார் நல்லசிவம். "அடுத்த வெள்ளிக்கிழமை எங்களுக்கு நிறை வருது. சீல் பிரிக்காம அப்படியே எடுத்துக்கோ. ஆனா நீ எனக்கு ஒண்ணு செய்யணும்."

"ஆமா, ஆமா," என்றான் முனியராஜ், என்ன என்று கேட்பதற்கு முன்னால்.

"நாட்டு வளர்ச்சிக்காக மானியத்தை விட்டுக்குடுக்கிறோம்னு ஞாயித்துக்கெழமை கடை வாசல்ல ஒரு பாராட்டு விழா வச்சிருக்கோம். அவங்க எந்தச் சிலிண்டருக்கு இழவு எடுத்தாங்களோ, அதுக்கே நாங்க பொட்டு வைக்கணும். அப்பத்தான் அவங்களுக்கு உறைக்கும். சிலிண்டரைக் கொண்டாந்துரு. நீயும் கூட நில்லு."

யோசித்துப் பார்த்தபோது முனியராஜுக்கு அது நல்லதாகவே பட்டது. ஒரு பக்கம் நின்றால்தானே குற்றம்? இரண்டு பக்கமும் நின்றுவிட்டால் கணக்கு நேராகிவிடும். போதாததற்கு, மஞ்சள் குங்குமம் பட்டால் குருவம்மாளும் இறங்கி வரலாம்.

ஞாயிறன்று சங்கிலிமுத்து சாத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சிலிண்டர் கடை வாசலுக்குப் போனது. நல்லசிவத்தின் மனைவி சுப்புலட்சுமி அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஆரத்தி எடுத்தாள். முனியராஜை அதன் தோளில் கை போட்டுச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தான். பத்துப் பேர் படம் எடுத்தார்கள்.

குருவம்மாள் இறங்கி வரவில்லை. "செத்ததுக்குப் பொட்டு வச்சா பொழச்சிருமா?" என்று மட்டும் கேட்டாள். சிலிண்டர் மறுபடியும் மரத்தடிக்கே வந்தது.

திங்கட்கிழமை காலை வேனில் யாரும் முனியராஜோடு பேசவில்லை. இடப்பக்கம், "பொணத்துக்குப் பொட்டு வச்ச ஆளு" என்றது. வலப்பக்கம், "நம்ம லோடை மறிச்ச ஆளு" என்றது. இத்தனை நாளில் இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். வேன் முழுக்க ஓர் ஒற்றுமை நிலவியது.

புதன்கிழமை மாரிக்கண்ணன் போன் செய்தார்.

"சம்பந்தி, காலையில ஒரு போஸ்டர் ஆர்டர் வந்துச்சு. கண்ணீர் அஞ்சலி. 'ஆழ்ந்த வருத்தத்துடன், சிலிண்டர் உரிமையாளர் முனியராஜ்'னு போட்டு, நீங்க குடத்தோட அழுகிறீக."

"அது வந்து சம்பந்தி, சாம்பிராணிப் புகை..."

"இருங்க. மத்தியானம் இன்னொரு ஆர்டர். 'மானியம் துறந்த மாமனிதர்'னு போட்டு, அதே சிலிண்டரு மேல கையப் போட்டுச் சிரிக்கிறீக. ரெண்டும் ஒரே மெசின்ல ஓடுது. ஒரு தாளுல அழுதுக்கிட்டு வாறீக, அடுத்த தாளுல சிரிச்சுக்கிட்டு வாறீக. பக்கத்து மெசின்காரன் இது யாருன்னு கேக்கான். என்னத்தச் சொல்ல?"

"நான் எந்தப் பக்கமும் இல்ல சம்பந்தி."

மறுமுனையில் மாரிக்கண்ணன் மெஷினை நிறுத்தினார்.

"சரி முனியராஜ். ஞாயித்துக்கெழமை நேர்ல வாறோம். பேசிக்கிடுவோம்."

சம்பந்தி என்று தொடங்கியவர் முனியராஜ் என்று முடித்ததை அவன் கவனித்தான். குருவம்மாளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க அவள் கூந்தலை முடியாமல் இருந்தாள். செல்வலட்சுமி நிச்சயப் புடவையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் மடித்து வைத்தாள். மாப்பிள்ளைப் பையன் மகேஷ்குமார் மூன்று நாளாக அவளுக்கு ஒரு செய்திகூட அனுப்பவில்லை.

நல்லசிவம் சொன்ன சொல் தவறவில்லை. சனிக்கிழமை சீல் பிரிக்காத சிலிண்டர் வந்து இறங்கியது. சுப்புலட்சுமி கூடவே வந்து சொன்னாள்:

"குருவம்மா, கொஞ்சம் ஆடும். செல்லச்சாமிப் பய நாலு வீட்ல வேண்டாம்னு சொன்னதை எங்க தலையில கட்டிட்டுப் போயிட்டான். ஆனா நல்லா எரியும்."

"ஆடினா ஆடட்டும்க்கா. சுத்தமானதா இருந்தாப் போதும்," என்ற குருவம்மாள், போன வருஷக் காலண்டர் அட்டையை மடித்து அதன் அடியில் சொருகினாள். சூடம் காட்டினாள். இருக்கன்குடி மாரியம்மனை நினைத்துக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். நீலமாக, நிதானமாக எரிந்தது. அவள் முகம் பன்னிரண்டு நாளுக்குப் பிறகு தெளிந்தது.

ஞாயிறு பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாரிக்கண்ணன் நேரே வீட்டுக்குள் வராமல் வேப்பமரத்தடிக்குப் போனார். காய்ந்த மாலையும் காய்ந்த சந்தனமுமாக நின்றதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இவருதானா?"

"ஆமா," என்றான் முனியராஜ்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் மாரிக்கண்ணன் தொண்டையைச் செருமினார்.

"நானும் மூணு நாளா யோசிச்சுப் பாத்தேன். ஒரு பக்கம் போனா கட்சிக்காரன். ரெண்டு பக்கமும் கூப்பிட்ட உடனே போனா, அவன் பாவம். அம்புட்டுத்தான். எனக்கு அதுல குறை இல்ல. ஆனா இவ ஒண்ணு சொல்லுதா."

அவர் மனைவி கற்பகம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தப்பா நெனைக்காதீக. எனக்கு இந்த மாதிரி விசயத்துல பயம் உண்டு. இழவு எடுத்த சிலிண்டர்ல ஆக்கினதுன்னா நான் ஒரு வாய் வைக்க மாட்டேன். தட்டும் மாத்த மாட்டேன்."

"மதினி!" அடுப்படி வாசலிலிருந்து குருவம்மாள் பாய்ந்து வந்தாள். "அதை நான் இந்தப் படி ஏற விட்டிருந்தேன்னா கேளுங்க. பதிமூணு நாளா அந்த மரத்தடியிலதான் நிக்குது. சொந்தப் புருசனையே குளிக்காம உள்ள விடல."

"உள்ள இருக்கிறது என் வீட்டுதும்மா," என்றார் விருந்தாளியாக வந்திருந்த நல்லசிவம். "போராட்டம் கீராட்டம்னு எந்தத் தீட்டும் படாதது. சீல் பிரிக்காமக் குடுத்தேன். நான் கேரண்டி."

கற்பகம் எழுந்து அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தாள். சிலிண்டரில் மாலை இல்லை, பொட்டு இல்லை. மேலே சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. திரும்பிவந்து கேசரித் தட்டைக் கையில் எடுத்தாள். ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய் வைத்தாள்.

"நெய்யி எந்தக் கடையில வாங்குனீக?" என்றாள்.

அந்தக் கேள்வியில் வீடே மூச்சு விட்டது. முனியராஜ் கூடத்துத் தூணில் சாய்ந்துகொண்டான். மாரிக்கண்ணன் இரண்டாம் முறை கேசரி வாங்கினார். மகேஷ்குமார் மூன்றாம் முறை வாங்கும்போது செல்வலட்சுமி சிரித்தாள். "சம்பந்தி, ஏன் நிக்கிறீக, வந்து உக்காருங்க," என்றார் மாரிக்கண்ணன். சம்பந்தி என்ற சொல் முனியராஜின் காதில் தேனாக விழுந்தது.

தட்டு மாற்ற நல்ல நேரம் வந்தது. வெற்றிலை, பாக்கு, பழம், பூ, புடவை வைத்த தட்டைக் கற்பகம் தூக்கினாள். இன்னொரு தட்டைக் குருவம்மாள் தூக்கினாள். இரண்டு தட்டும் நடுக்கூடத்தில் ஒன்றையொன்று நெருங்கிய நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

செல்லச்சாமி. செருப்பைக் கழற்றிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் தயங்கி, நிலைப்படியிலேயே நின்றான்.

"வாலே, வா. கேசரி சாப்பிடு," என்றான் முனியராஜ், அந்த நிமிஷத்தில் உலகத்தில் எல்லோர்மேலும் இருந்த பிரியத்தில்.

"இருக்கட்டும்ணே. சங்கிலிமுத்து அண்ணன் அனுப்பினாரு. இப்பத்தான் மரத்தடியில குனிஞ்சு அடியைப் பாத்திருக்காரு. அன்னைக்கு ரோட்ல விழுந்ததுல செத்தவரு அடி வளையம் நெளிஞ்சுபோச்சாம். இங்கன நிக்கிறவரு ஆடாம அசையாம நிக்காரேன்னு என்னையப் பிடிச்சு உலுக்கிட்டாரு."

இரண்டு தட்டும் அப்படியே நின்றன. நல்லசிவம் மெல்லத் தன் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். அடுப்படியில் காலண்டர் அட்டை நழுவியிருக்க வேண்டும். லொடக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

செல்லச்சாமி தலையைச் சொறிந்தான்.

"ஆட்டோவுல மாத்தி எறக்கிட்டேன்ணே, அவரு காலியோட காலியாப் போயி நெறஞ்சு அண்ணாச்சி வீட்டுக்கு வந்துட்டாரு, நாளக்கழிச்சு அவருக்குப் பதினாறு, உள்ள கொதிக்கிற சாம்பாரை எறக்கினதும் அவரைக் கொஞ்சம் கழட்டித் தாறீகளா?"